நீர் இருந்தும் வறட்சி: பாலாற்றுத் தோல் பதனிடும் வட்டாரத்தில் உப்பு இறுக்கமும் இலைத்துளை ஒழுங்கமைவும்

ஆய்வுச்சுருக்கம்

வறட்சிக் காலத்தில் தாவரங்கள் இலைத்துளைகளை மூடி நீரிழப்பைக் குறைத்துக்கொள்கின்றன. மண்ணில் நீரின் அளவு குறைவதே இம்மூடலுக்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. நீரின் அளவைக் காட்டிலும், வேர் உறிஞ்சத்தக்க நிலையில் அந்நீர் உள்ளதா என்பதே மூடலைத் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தோல் பதனிடும் தொழிலின் உப்புக்கழிவால் நிலத்தடி நீர் பாதிக்கப்பட்ட வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரம் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இலைத்துளை மூடலின் மூலக்கூறு இயக்கம், நீரியல் திறனில் உப்பின் பங்கு, கண்ணுக்குப் புலப்படாத விளைச்சல் இழப்பு, மண்வறட்சியையும் உப்பு இறுக்கத்தையும் களத்தில் வேறுபடுத்தி அறியும் முறை ஆகியன முறையே ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இலைத்துளை, காப்புச் செல், அப்சிசிக் அமிலம், நீரியல் திறன், செயலியல் வறட்சி, உவர் நிலம், பாலாறு.

1. முன்னுரை

வேலூர் மாநகராட்சியின் ஒரு பகுதியான சத்துவாச்சாரி, பாலாற்றின் தென்புறத்தில் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்குதான் உள்ளது. இதற்கு மேற்கே, ஆற்றின் மேற்போக்கில், வாணியம்பாடியும் ஆம்பூரும் உள்ளன. கிழக்கே, கீழ்ப்போக்கில், மேல்விஷாரம், இராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை ஆகியன உள்ளன. இருபுறமும் தோல் பதனிடும் ஊர்கள் சூழ, இடையே சத்துவாச்சாரி நிற்கிறது.

கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து தமிழகத்திற்குள் நுழையும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணற்படுகையாகவே காட்சி தருகிறது. இதனால் இவ்வட்டார வேளாண்மை கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையுமே சார்ந்துள்ளது. இங்கு வறட்சி என்பது இரு வடிவங்களில் பயிரை அடைகிறது. மழை பொய்த்து மண் உலர்வது ஒன்று. கிணற்றில் நீர் இருந்தும், அதிலுள்ள உப்பின் மிகுதியால் பயிர் அதனைப் பருக இயலாமற்போவது மற்றொன்று.

இவ்விரண்டையும் பிரித்தறியும் எண்ணம் அறிவியலில் புதியதன்று. செருமானியத் தாவரவியலாளர் ஷிம்பர் 1898இல் வெளியிட்ட தாவரப் புவியியல் நூலில், நீர் இல்லாமையால் நேரும் இயல்பு வறட்சியையும், நீர் இருந்தும் தாவரம் அதனை ஏற்க இயலாத செயலியல் வறட்சியையும் வேறுபடுத்தினார். அதே ஆண்டில் பிரான்சிஸ் டார்வின் இலைத்துளைகளின் இயக்கம் குறித்த தம் விரிவான ஆய்வை வெளியிட்டார். இவ்விரு சிந்தனைகளும் பாலாற்றங்கரை வயலில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. இரண்டாம் வகை வறட்சியை அங்குள்ள இலை எவ்வாறு உணர்கிறது, அவ்வுணர்வின் விலை என்ன என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

2. இலைத்துளையின் அமைப்பும் இயக்கமும்

இலையின் புறத்தோலை மூடியிருக்கும் கியூட்டிக்கிள் என்னும் மெழுகுப்படலம் நீரையும் வளிமங்களையும் எளிதில் கடக்க விடுவதில்லை. எனவே இலையின் வளிமப் பரிமாற்றம் ஏறத்தாழ முழுமையாக இலைத்துளைகளின் வழியே நிகழ்கிறது. ஒவ்வொரு துளையையும் இரு காப்புச் செல்கள் சூழ்ந்துள்ளன. கத்தரி, வேர்க்கடலை முதலிய இருவித்திலைத் தாவரங்களில் இவை சிறுநீரக வடிவின. நெல், கரும்பு முதலிய புல்லினங்களில் உடற்பயிற்சிக் குண்டு வடிவின.

காப்புச் செல்லின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தன்மையுடையதன்று. செல்லுலோஸ் இழைகள் துளையிலிருந்து ஆரமாக விரிந்து அமைந்திருப்பதால், செல் நீரேற்று விறைக்கும்போது பருமனில் பெருகாமல் நீண்டு வளைகிறது. இரு செல்களும் இவ்வாறு வளைய, இடையில் துளை திறக்கிறது. விறைப்பழுத்தம் குறையும்போது துளை மூடுகிறது.

திறப்பின் தொடக்கம் ஒளி. நீல ஒளியைக் காப்புச் செல்லிலுள்ள ஃபோட்டோட்ரோபின் என்னும் புரதம் உணர்கிறது. அதன் தூண்டலால் செல்சவ்விலுள்ள புரோட்டான் ஏற்றி இயங்கி, ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றுகிறது. சவ்வின் உட்புறம் மேலும் எதிர்மின் தன்மை அடைவதால் பொட்டாசியம் அயனிகள் உள்ளே நுழைகின்றன. அவற்றுக்கு ஈடாகக் குளோரைடும் மேலேட்டும் சேர்கின்றன. கரைபொருள் செறிவு மிகுவதால் நீர் உள்ளே பாய்கிறது, செல் விறைக்கிறது.

திறந்த துளை தாவரத்திற்கு வரவும் செலவுமாகிறது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும் அதே வழியில் நீராவி வெளியேறுகிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடின் செறிவு மிகக் குறைவு. இலையின் உட்புறமோ நீராவியால் நிறைவுற்றது. இதனால் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைப் பெற, நெல் போன்ற சி3 தாவரம் ஏறத்தாழ 400 நீர் மூலக்கூறுகளையும், கரும்பு போன்ற சி4 தாவரம் ஏறத்தாழ 150 நீர் மூலக்கூறுகளையும் இழக்கிறது. வேர் உறிஞ்சும் நீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் நீராவிப்போக்கிலேயே செலவாகிறது. ஆகவே துளையின் அகலத்தைப் பொழுதுதோறும் திருத்திக்கொள்வது தாவரத்தின் இன்றியமையாப் பணியாகிறது.

3. வறட்சிச் செய்தியின் பயணம்

துளை மூடலின் முதன்மைத் தூதுவன் அப்சிசிக் அமிலம். 1960களில் பருத்திக் காய் உதிர்வையும் மர மொட்டுகளின் உறக்கத்தையும் ஆராய்ந்த இரு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்த பொருள்கள் ஒன்றே எனத் தெரிந்தபின், 1967இல் இப்பெயர் ஏற்கப்பட்டது. பெயர் உதிர்தலைக் குறித்தாலும், இதன் தலையாய பணி நீரிழப்பைக் கட்டுப்படுத்துவதே எனப் பின்னர்ப் புலனாயிற்று. இவ்வமிலத்தை உருவாக்க இயலாத தக்காளித் திரிபு வகைகள், போதிய நீர் உள்ளபோதும் துளைகளை மூட இயலாமல் வாடுகின்றன.

இவ்வமிலத்தின் ஏற்பிகள் 2009இல் அடையாளம் காணப்பட்டன. அதன்பின் செய்தித் தொடர் தெளிவாயிற்று. நீர் போதுமானபோது, பாஸ்ஃபட்டேஸ் நொதிகள் சில, மூடலைத் தூண்டும் கைனேஸ் நொதியை அடக்கி வைத்திருக்கின்றன. வறட்சியில் அப்சிசிக் அமிலம் ஏற்பியுடன் இணைகிறது. அவ்விணைப்பு பாஸ்ஃபட்டேஸைப் பிடித்துக்கொள்கிறது. கட்டு நீங்கிய கைனேஸ், காப்புச் செல் சவ்விலுள்ள எதிரயனி வாயில்களைத் திறக்கிறது. குளோரைடும் மேலேட்டும் வெளியேற, சவ்வின் மின்னழுத்தம் மாற, பொட்டாசியமும் பின்தொடர்கிறது. கரைபொருளைத் தொடர்ந்து நீரும் வெளியேற, துளை மூடுகிறது. சில நிமிடங்களில் இத்தொடர் செயற்படத் தொடங்குகிறது.

வேரில் உணரப்படும் வறட்சி இலையை எவ்வாறு அடைகிறது என்பது நெடுநாள் விவாதப் பொருள். வேரில் உருவாகும் அப்சிசிக் அமிலமே சைலம் வழியாக இலைக்கு ஏறுகிறது என முதலில் கருதப்பட்டது. ஆனால் அவ்வமிலத்தை உருவாக்க இயலாத வேர்மீது இயல்பான தண்டை ஒட்டிய தக்காளிச் செடிகளில், மண் உலர்ந்தபோது துளைகள் வழக்கம்போலவே மூடின என 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. அமிலத்தை இலையே உருவாக்கிக்கொள்ள முடியும் என்பது இதனால் பெறப்பட்டது. நீர்க்குழாய்களில் ஏற்படும் இழுவிசை மாற்றம் ஒரு செய்தியாகலாம். அராபிடாப்சிஸ் செடியில், உலரும் வேரில் தோன்றும் ஒரு சிறு பெப்டைடு இலைக்குச் சென்று அங்கே அப்சிசிக் அமில உருவாக்கத்தைத் தூண்டுகிறது என்பது 2018இல் கண்டறியப்பட்டது.

இவற்றின் பொதுத்தன்மை ஒன்று கவனிக்கத்தக்கது. இச்செய்திகளுள் எதுவும் மண்ணில் எத்தனை லிட்டர் நீர் உள்ளது என்பதை அளப்பதில்லை. வேர்ச்செல்லும் இலைச்செல்லும் நீரைப் பெறுவதில் எதிர்கொள்ளும் இடரையே இவை தெரிவிக்கின்றன. அவ்விடர் மண் உலர்வதால் வந்ததா, உப்பால் வந்ததா என்பது செய்தியின் தொடக்கத்தில் வேறுபாடாகத் தெரிவதில்லை.

4. நீரின் அளவும் நீரியல் திறனும்

நீர் எத்திசையில் பாயும் என்பதை நீரியல் திறன் தீர்மானிக்கிறது. தூய நீரின் நீரியல் திறன் சுழி எனக் கொள்ளப்படுகிறது. மண் துகள்கள் நீரை ஈர்த்துப் பிடிப்பதால் அது குறைகிறது; நீரில் கரைந்த உப்பாலும் குறைகிறது. வேரின் நீரியல் திறன் மண்ணினதைவிடத் தாழ்ந்திருந்தால் மட்டுமே நீர் வேருக்குள் நுழையும். ஆகவே மண்துகளின் பிடியும் உப்பின் பிடியும் தாவரத்திற்கு ஒரே வகைத் தடையாகின்றன. இரண்டும் கூட்டுத்தொகையாகச் செயற்படுகின்றன.

இதனை எண்ணிக்கையில் காணலாம். உப்புக்கரைசலின் மின்கடத்துதிறனை டெசிசீமன்ஸ்/மீட்டர் அலகில் அளந்து 0.036 ஆல் பெருக்கினால், உப்பால் குறையும் நீரியல் திறன் மெகாபாஸ்கலில் தோராயமாகக் கிடைக்கும். நிறைவுற்ற மண்சாற்றின் மின்கடத்துதிறன் 4 டெசிசீமன்ஸ்/மீட்டர் ஆனால் அந்நிலம் உவர் நிலம் எனப்படுகிறது. நீர்பாய்ச்சி வடிந்தபின் வயலில் எஞ்சும் நீர், நிறைவுற்ற நிலையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. எனவே வேர் உண்மையில் எதிர்கொள்ளும் கரைசலின் மின்கடத்துதிறன் 8 ஆகிறது. இதன் நீரியல் திறன் ஏறத்தாழ –0.29 மெகாபாஸ்கல். உப்பில்லா மண்ணில் இதே ஈரத்தில் இத்திறன் –0.03 மெகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். அடுத்த பாய்ச்சலுக்குள் நீர் மேலும் பாதியாகக் குறைந்தால், உப்பின் பங்கு மட்டுமே –0.58 மெகாபாஸ்கலை எட்டுகிறது; மண்துகளின் பிடி அதனுடன் தனியே சேர்கிறது.

நீர்பாய்ச்சிய மறுநாளே, கைக்கு ஈரமாகத் தெரியும் மண்ணில், வேர் ஒரு மிதமான வறட்சியைச் சந்திக்கிறது என்பதே இக்கணக்கின் பொருள். நீராவிப்போக்கு நீரை மட்டும் எடுத்துச் செல்கிறது. உப்பின் பெரும்பகுதி மண்ணிலேயே தங்குகிறது. ஆகவே ஒவ்வொரு பாய்ச்சலும் நீரோடு உப்பையும் சேர்க்கிறது. வாடும் பயிருக்கு மேலும் நீர் பாய்ச்சுவது என்னும் இயல்பான தீர்வு, உவர்நீரைப் பொறுத்தவரை நோயை வளர்க்கும் மருந்தாகிவிடுகிறது.

5. உப்பு வந்த வழி

பச்சைத்தோல் அழுகாமல் இருக்க, மரபுமுறையில் அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கறியுப்பு இடப்படுகிறது. பதனிடுமுன் தோலை ஊறவைத்துக் கழுவும்போது இவ்வுப்பு கழிவுநீரில் இறங்குகிறது. பின்வரும் பதனிடு நிலைகளிலும் குளோரைடும் சல்ஃபேட்டும் சேர்கின்றன. குரோமியம் பொதுமக்களின் கவனத்தை மிகுதியும் ஈர்த்துள்ளது. அது வேரிலேயே பெரிதும் தங்கி வேர் வளர்ச்சியைக் குன்றச்செய்து, நீர் உறிஞ்சலையும் பாதிக்கிறது. எனினும் அளவிலும் பரவலிலும் உப்பே முதலிடம் பெறுகிறது. குரோமியம் மண்துகளில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. குளோரைடோ நீருடன் தடையின்றி நகர்ந்து கிணற்றை அடைகிறது. நுண்ணுயிர்வழிச் சுத்திகரிப்பு கரிமப்பொருள்களைச் சிதைக்குமேயன்றிக் கறியுப்பைச் சிதைப்பதில்லை. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையே உப்பைப் பிரிக்கவல்லது.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது வரையறை. இது ஏறத்தாழ 3.3 டெசிசீமன்ஸ்/மீட்டர் மின்கடத்துதிறனுக்குச் சமம். ஆற்றில் நீரோட்டம் இருந்தால் இக்கழிவு நீர்த்துப்போகும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றில் அவ்வாய்ப்பு இல்லை. வரையறைக்கு உட்பட்ட நீரும் மணலில் இறங்கிக் கிணற்று நீராகலாம்.

6. இலையில் உப்பின் இரு கட்டங்கள்

உப்பு இறுக்கம் இரு கட்டங்களாக நிகழ்கிறது என்பதை ராணா மன்ஸ், மார்க் டெஸ்டர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புரை தெளிவுபடுத்தியது. முதற்கட்டம் சவ்வூடுபரவல் கட்டம். உப்பு வேரைச் சூழ்ந்த உடனேயே, அது இலைக்குள் சேரும் முன்னரே, நீரியல் திறன் வீழ்ச்சியால் இலைத்துளைகள் குறுகுகின்றன; புதிய இலைகளின் வளர்ச்சி தளர்கிறது. இக்கட்டத்தில் தாவரம் அனுபவிப்பது வறட்சியே.

இரண்டாவது அயனிக் கட்டம். நாள்கள், வாரங்கள் கழிய, நீராவிப்போக்கு ஓட்டத்துடன் ஏறிய சோடியமும் குளோரைடும் முதிர்ந்த இலைகளில் நஞ்சாகும் அளவுக்குச் சேர்கின்றன. இலைநுனியும் விளிம்பும் கருகுகின்றன. ஒளிச்சேர்க்கை நொதிகள் பாதிக்கப்படுகின்றன. உவர் தாங்காத பல தாவரங்களில், இலைக்குள் மிகுந்த சோடியம் காப்புச் செல்களிலும் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்து, துளை முறையாக மூடுவதையே குலைக்கிறது. கடலோர உவர்ச்செடியாகிய ஆஸ்டர் டிரிபோலியத்தில் இதற்கு மாறாக, சோடியம் மிகும்போது துளை மூடுகிறது. உப்பு மேலும் ஏறாமல் அச்செடி தன்னைக் காத்துக்கொள்கிறது.

இங்கே துளை மூடலுக்கு இரண்டாவது பொருள் ஒன்று கிடைக்கிறது. வெறும் மண்வறட்சியில் மூடல் நீரைச் சேமிக்கிறது. உப்பு நிலத்தில் அது நீரைச் சேமிப்பதோடு, இலைக்கு ஏறும் உப்பின் வேகத்தையும் குறைக்கிறது. ஆகவே உவர் நிலப்பயிரில் குறுகிய துளைகளைத் தாவரத்தின் தோல்வியாகக் கருதுவது பொருந்தாது. துளையை வலிந்து திறக்கவைக்கும் எந்த முயற்சியும் உப்பேற்றத்தை விரைவுபடுத்தும் என்பதையும் ஆய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டும்.

7. பசுமைக்குள் மறையும் இழப்பு

துளையைச் சற்றே குறுக்குவதால் நீரிழப்பு பெரிதும் குறைய, ஒளிச்சேர்க்கை அதே விகிதத்தில் குறைவதில்லை. இதனால் மிதமான மூடல் தாவரத்திற்கு ஆதாயமானது. ஆனால் நாள்தோறும், பருவம் முழுதும் துளைகள் குறுகியே இருந்தால், கார்பன் வரவின் சிறு குறைவுகள் திரண்டு விளைச்சலில் வெளிப்படுகின்றன. இலை பச்சையாகவே இருக்கும், செடி சிறுத்திருக்கும், பக்கத்தில் ஒப்பிட நல்ல வயல் இல்லையெனில் இழப்பு எவர் கண்ணிலும் படாது.

மாஸ், ஹாஃப்மன் ஆகியோர் 1977இல் வகுத்த உவர் தாங்குதிறன் முறை இவ்விழப்பை மதிப்பிட உதவுகிறது. ஒவ்வொரு பயிருக்கும் ஒரு தாங்கு எல்லை உண்டு. அதனைக் கடந்தபின் மண்சாற்றின் மின்கடத்துதிறன் ஓர் அலகு உயருந்தோறும் விளைச்சல் குறிப்பிட்ட விழுக்காடு குறைகிறது. இம்முறையின்படி அறியப்பட்ட மதிப்புகள் வருமாறு: கத்தரிக்கு எல்லை 1.1, குறைவு 6.9 விழுக்காடு, கரும்புக்கு 1.7, 5.9 விழுக்காடு; நெல்லுக்கு 3.0, 12 விழுக்காடு, வேர்க்கடலைக்கு 3.2, 29 விழுக்காடு. மண்சாற்றின் மின்கடத்துதிறன் 4 ஆகிய நிலத்தில் கத்தரி விளைச்சல் ஏறத்தாழ 20 விழுக்காடும், கரும்பு 14 விழுக்காடும், நெல் 12 விழுக்காடும், வேர்க்கடலை 23 விழுக்காடும் குறையும் என இம்மதிப்புகள் காட்டுகின்றன. வட்டாரத்தின் மண், பருவநிலை, பயிர்வகை ஆகியவற்றுக்கேற்ப இவை மாறுபடும். எனினும் போக்கு தெளிவானது. வேலூர் முள்கத்தரி புவிசார் குறியீடு பெற்ற பயிர். அதன் இனமாகிய கத்தரி, இந்நான்கினுள் மிகத் தாழ்ந்த தாங்கு எல்லையுடையது என்பது எண்ணத்தக்கது.

இவ்விடத்தில் சட்ட வரலாறு அறிவியலோடு தொடர்புறுகிறது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டையும் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் மேற்கொண்ட தொடக்கநிலை அளவாய்வின்படி, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஒவ்வாததாகிவிட்டது என அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. பின்னர் அமைக்கப்பட்ட சூழலிழப்பு ஆணையம் 2001 மார்ச் 7இல் வழங்கிய முடிவில், பாதிக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 15,165 ஹெக்டேர் எனவும், இழப்பீடு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் எனவும் கணக்கிடப்பட்டன. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இப்பொருளில் மீண்டும் தீர்ப்பளித்து, இழப்பீடு வழங்குதல், கண்காணிப்புக் குழு அமைத்தல் ஆகியன குறித்து ஆணையிட்டது.

இரு எண்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கில், வெவ்வேறு அளவுகோலில் பெறப்பட்டவை. எனவே அவற்றின் இடைவெளியை ஒரே காரணத்தால் விளக்க இயலாது. ஆயினும் ‘பாதிப்பு’ எங்கே தொடங்குகிறது என்னும் வினா இரண்டிற்கும் அடிப்படையானது. சாகுபடியே கைவிடப்பட்ட நிலம் எளிதில் கணக்கில் வரும். ஐந்தில் ஒரு பங்கு விளைச்சலை ஆண்டுதோறும் இழந்தும் பச்சையாகவே நிற்கும் வயல், தோற்றத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் கணக்கெடுப்பில் விடுபட்டுப்போகலாம். அவ்வயலின் பாதிப்பை முதலில் பதிவுசெய்வது இலைத்துளையே.

8. களத்தில் வேறுபடுத்தி அறிதல்

துளை குறுகியுள்ளது என்பதைக் காண எளிய வழிகள் உண்டு. நிறமற்ற நகப்பூச்சை இலையடியில் தடவி, உலர்ந்தபின் உரித்து நுண்ணோக்கியில் கண்டால் துளைகளின் பதிவு கிடைக்கும். போரோமானி துளைகளின் நீராவிக் கடத்துதிறனை நேரடியாகத் தரும். வெப்பப் படக்கருவி, நீராவிப்போக்கு குறைந்ததால் சூடேறிய இலைகளைக் காட்டும். ஆனால் குறுகியதற்குக் காரணம் மண்வறட்சியா, உப்பா, வறண்ட காற்றா என்பதை ஒரே ஓர் அளவீடு சொல்லாது. வேலூரின் மே மாத நண்பகலில், 40 பாகை செல்சியசைக் கடந்த வெப்பத்தில், நன்கு நீர்பாய்ச்சிய பயிரும் காற்றின் வறட்சியால் துளைகளைக் குறுக்கக்கூடும். எனவே அளவீடுகளை ஒரு வரிசையில் அமைப்பது இன்றியமையாதது.

முதலாவது, விடியற்பொழுதுக்கு முன் இலையின் நீரியல் திறனை அழுத்தக்கலன் கொண்டு அளத்தல். இரவில் நீராவிப்போக்கு அடங்குவதால், இலையின் திறன் வேர்ச்சூழலின் திறனை நெருங்குகிறது. அது உயர்ந்திருந்து நண்பகலில் மட்டும் துளை குறுகினால், காற்றின் வறட்சியே காரணம் எனக் கொள்ளலாம். நீர்பாய்ச்சிய மறுநாள் விடியலிலும் அது தாழ்ந்தே இருந்தால் உப்பின் பங்கை ஐயுற வேண்டும்.

இரண்டாவது, மீட்சியைக் கவனித்தல். மிதமான மண்வறட்சியில் வாடிய பயிருக்கு நீர் பாய்ச்சினால், சில நாள்களுக்குள் துளைகளின் கடத்துதிறன் மீள்கிறது. உப்பு இறுக்கத்தில் அதே கிணற்று நீர் மீட்சி தருவதில்லை; உப்பைக் கழுவி இறக்கும் நல்ல மழைக்குப் பின்னரே மீட்சி தோன்றும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒரே வயலில் எடுக்கப்படும் அளவீடுகள் இதற்குச் சிறந்த ஒப்பீடாக அமையும். பாலாற்றில் பெருவெள்ளம் ஓடிய 2021 நவம்பர் போன்ற ஆண்டுகளையும், நீரோட்டமற்ற ஆண்டுகளையும் ஒப்பிடும் நெடுங்கால ஆய்வுகளுக்கு இவ்வட்டாரம் ஏற்றது.

மூன்றாவது, இலையுள் கார்பன் டை ஆக்சைடின் செறிவை அகச்சிவப்பு வளிமப் பகுப்பானால் மதிப்பிடல். ஃபார்குவர், ஷார்கி ஆகியோர் 1982இல் தெளிவுபடுத்திய அடிப்படையில், துளை மூடலே ஒளிச்சேர்க்கைக் குறைவுக்குக் காரணமானால் உட்செறிவு குறையும். உட்செறிவு குறையாமலோ உயர்ந்தோ இருக்க ஒளிச்சேர்க்கை வீழ்ந்தால், பாதிப்பு இலைத்திசுவின் உள்ளே புகுந்துவிட்டது என்பது பொருள். உப்பு இறுக்கம் முதற்கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்திற்கு நகர்வதை இவ்வளவீடு காட்டும். துளைகள் இலையில் திட்டுத்திட்டாக மூடும்போது இம்மதிப்பீடு பிழைபடக்கூடும் என்பதால், மண்சாற்றின் மின்கடத்துதிறன், இலையின் சோடிய அளவு ஆகியவற்றோடு இணைத்தே முடிவுக்கு வர வேண்டும்.

9. மேலாண்மைக்கான குறிப்புகள்

உப்பை வேர்ப்பகுதிக்குக் கீழே இறக்குவதே அடிப்படைத் தீர்வு. இதற்குத் தேவையான மிகைநீரின் பங்கைக் கணிக்க ஒரு வாய்பாடு உண்டு: பாசனநீரின் மின்கடத்துதிறனை, பயிரின் தாங்கு எல்லையின் ஐந்து மடங்கிலிருந்து பாசனநீரின் மின்கடத்துதிறனைக் கழித்துவரும் எண்ணால் வகுக்க வேண்டும். பாசனநீர் 2 டெசிசீமன்ஸ்/மீட்டர் ஆனால், முழு விளைச்சல் பெற நெல்லுக்கு 15 விழுக்காடும், கரும்புக்கு 31 விழுக்காடும், கத்தரிக்கு 57 விழுக்காடும் நீர் வேர்ப்பகுதியைக் கடந்து வடிய வேண்டும். கழிவுநீர் வரையறைக்குச் சமமான 3.3 டெசிசீமன்ஸ்/மீட்டர் நீரைக் கத்தரிக்குப் பயன்படுத்தினால் விடை 100 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. எவ்வளவு பாய்ச்சினாலும் அந்நீரால் முழு விளைச்சல் பெற இயலாது என்பதே இதன் பொருள். கழிவை வெளியேற்றுவதற்கு வகுத்த வரையறை, பயிருக்குப் பாதுகாப்பான எல்லை ஆகாது என்பதை இது தெளிவாக்குகிறது.

ஆகவே ஏரிகளிலும் பண்ணைக்குட்டைகளிலும் சேரும் மழைநீர் இங்கு இருமடங்கு மதிப்புடையது. அது பயிருக்கு நீராவதோடு உப்பைக் கழுவும் கருவியுமாகிறது. கிணற்று நீருடன் அதனைக் கலந்தோ, நாற்றுப்பருவம் போன்ற மென்மையான நிலைகளில் தனித்தோ பயன்படுத்தலாம். சொட்டுநீர்ப் பாசனம் வேரைச் சூழ்ந்த மண்ணை ஈரமாகவே வைத்து உப்பை ஈரவட்டத்தின் விளிம்புக்குத் தள்ளுகிறது. ஆனால் விளிம்பில் திரண்ட உப்பை ஆண்டுக்கொருமுறையேனும் மழை கழுவ வேண்டும். மூடாக்கு, மண்மேற்பரப்பின் ஆவியாதலைக் குறைத்து உப்பு மேலேறுவதைத் தடுக்கிறது.

உவர், களர் என்னும் இரு சொற்களைத் தமிழ் வேளாண் வழக்கு பிரித்தே ஆள்கிறது. அவ்வேறுபாடு இங்குப் பயன்படுகிறது. கரைந்த உப்பு மிகுந்த உவர் நிலத்தை நல்ல நீரால் கழுவலாம். சோடியம் களித்துகள்களில் படிந்து மண்கட்டமைப்பைக் குலைத்த களர் நிலத்தில் நீர் இறங்குவதே அரிது. அங்கு ஜிப்சம் இட்டுச் சோடியத்தைக் கால்சியத்தால் இடம்பெயர்த்த பின்னரே கழுவுதல் பயன்தரும்.

10. தொகுப்புரை

இலைத்துளை, வேருக்கு எட்டும் நீரின் நிலையை அளந்து அதற்கேற்ப இயங்குகிறது. மண்வறட்சியும் உப்பும் நீரியல் திறனைத் தாழ்த்துவதால், அப்சிசிக் அமிலத்தின் வழியே ஒரே விடையை, துளை மூடலை, வருவிக்கின்றன. எனினும் உப்பு இறுக்கம் மண்வறட்சியினின்று மூன்று வகையில் வேறுபடுகிறது: பாய்ச்சலால் தீர்வதில்லை, காலப்போக்கில் அயனி நஞ்சாக முதிர்கிறது, துளை மூடல் அங்கே உப்பேற்றத்தைத் தடுக்கும் பணியையும் ஏற்கிறது.

பாலாற்றுத் தோல் பதனிடும் வட்டாரத்தில் இழப்பீடும் மீட்பும் இன்றும் பேசப்படும் பொருள்கள். பாதிப்பைக் கைவிடப்பட்ட நிலத்தின் பரப்பால் மட்டும் அளப்பது அறிவியல் நோக்கில் போதாது. பருவமழைக்கு முன்னும் பின்னும் மண்சாற்றின் மின்கடத்துதிறன், விடியல்நேர நீரியல் திறன், இலைத்துளைக் கடத்துதிறன் ஆகிய மூன்றையும் ஒருங்கே பதிவுசெய்யும் அளவாய்வு, இன்னும் பச்சையாக நிற்கும் வயல்களின் இழப்பையும் கணக்கில் கொண்டுவரும். இம்மூன்று அளவீடுகளுக்கும் வேண்டிய கருவிகள் தாவர உடற்செயலியல் ஆய்வுக்கூடங்களில் வழக்கத்தில் உள்ளவை. வட்டாரக் கல்லூரிகளின் தாவரவியல், வேளாண் துறைகள் இணைந்து இதனை மேற்கொள்ள இயலும்.